கூப்பிட்டால் நாய் ஏன் வருவதில்லை? பாவ்லோவின் வாழ்க்கையில் இருக்கும் பதில்

பூங்காவில் நாயை அவிழ்த்துவிடுகிறோம். நன்றாக ஓடி விளையாடுகிறது. கிளம்பும் நேரத்தில் ‘வா’ என்கிறோம், வருகிறது. உடனே கயிற்றை மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போகிறோம். தினமும் இதுவே நடந்தால், கொஞ்ச நாளில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நாய் எதிர்ப் பக்கம் ஓட ஆரம்பிக்கும்.

திமிர் என்று நினைப்போம். திமிரெல்லாம் இல்லை. ‘வா’ என்றால் ‘விளையாட்டு முடிஞ்சுது’ என்று அது சரியாகவே கற்றுக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு சத்தத்துக்கு நாயின் மனதில் எப்படி அர்த்தம் ஏறுகிறது, எப்படி அழிகிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ். கூப்பிட்டால் வருவதற்கு நாயைப் பழக்குவது அவர் வேலையே இல்லை. நாய்களைப் பட்டைகளால் மேடையில் கட்டி நிறுத்தித்தான் ஆய்வு செய்தார். ஆனாலும் நாய் வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் அவர் ஆய்வகத்தில் இருக்கிறது. செய்யக்கூடாதவையும் அங்கேயே இருக்கின்றன.

யார் இந்த பாவ்லோவ்?

1849-ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில், ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதில் உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதால், 11 வயதில்தான் பள்ளிக்குப் போனார். அப்பாவைப் போலவே பாதிரியார் ஆவதற்கான இறையியல் படிப்பில் சேர்ந்தார். ஆனால் அறிவியல் புத்தகங்கள் இழுக்க, 1870-ல் அந்தப் படிப்பை விட்டுவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1881-ல் செராஃபிமாவைத் திருமணம் செய்தார். தொடக்க வருடங்கள் பணக் கஷ்டத்திலேயே போயின. 1890-களில் பரிசோதனை மருத்துவக் கழகத்தின் உடலியல் ஆய்வகம் கைக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அங்கே அவர் ஆராய்ந்தது மனதை அல்ல, வயிற்றை. உணவு செரிமானம் பற்றிய அந்த ஆய்வுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பெற்ற முதல் ரஷ்யர் அவர்தான்.

அந்தப் பரிசுக்குப் பின்னால் நாய்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். உமிழ்நீர் வரும் நாளத்தைக் கன்னத்துக்கு வெளியே திருப்பித் தைத்தார்கள். பல நாய்கள் இறந்தன. நாய்களிடமிருந்து எடுத்த வயிற்று நீரை அஜீரண மருந்தாக விற்று ஆய்வகம் காசும் பார்த்தது.

மணி அடித்தாரா, இல்லையா?

உணவு வாயில் படும் முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளைப் பார்த்தவுடனே நாய்களுக்கு எச்சில் ஊறியதை பாவ்லோவ் கவனித்தார். மற்றவர்கள் தொல்லையாக நினைத்திருக்கக்கூடிய இந்த விஷயத்தை மீதி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார்.

பாவ்லோவ் என்றதும் எல்லோருக்கும் மணிதான் ஞாபகம் வரும். உண்மையில் அவர் அதிகம் பயன்படுத்தியது ‘டிக் டிக்’ என்று தாளம் போடும் மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு, தோலில் லேசான தொடுதல் போன்றவற்றை. சத்தம் முதலில், உணவு அடுத்து. இப்படிச் சில முறை செய்தால், சத்தத்துக்கே எச்சில் ஊறும். ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் ஆக்கநிலையுறுத்தல் என்று வருவது இதுதான்.

இதில் வரிசை முக்கியம். உணவைக் கொடுத்துவிட்டுப் பிறகு சத்தம் எழுப்பினால் அது சரியாகப் பதிவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டே ‘வா’ என்று கூப்பிடுபவர்கள் இதைக் கவனிக்கணும். நாய் கற்றுக்கொள்வது பாக்கெட் சத்தத்தைத்தான், உங்கள் சொல்லை அல்ல.

ஒரு சொல் எப்படிச் செத்துப்போகிறது?

பாவ்லோவ் மெட்ரோனோமை ஓடவிட்டு உணவே கொடுக்காமல் பார்த்தார். மீண்டும் மீண்டும் அப்படிச் செய்ததும் எச்சில் குறைந்துகொண்டே போனது. அந்தச் சத்தத்துக்கு இருந்த மதிப்பு சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டால் ஓரளவு திரும்பி வரும். ஆனால் பழைய பலத்தோடு அல்ல.

மொட்டை மாடியில் நின்று ‘டாமி வா, டாமி வா, டாமி வா’ என்று பத்து முறை கத்தும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம். பின்னால் எதுவுமே வராத சொல், நாய்க்கு வெறும் இரைச்சல்.

இன்னொரு தொல்லையும் பாவ்லோவுக்கு இருந்தது. அறைக்குள் புது ஆள் வந்தாலோ, வெளியே வண்டிச் சத்தம் கேட்டாலோ, நன்றாகப் பழகிய நாயும் தடுமாறியது. இதைச் சமாளிக்க, தடித்த சுவர்கள் கொண்ட தனிக் கட்டடமே கட்டினார்கள். ‘மௌனக் கோபுரம்’ என்று அதற்குப் பெயர். அவ்வளவு பழகிய நாயே ஒரு சின்னச் சத்தத்தில் கவனம் சிதறியது என்றால், ஹாலில் மட்டும் பழகிய நம் நாய் தெருவில் பூனையைப் பார்த்ததும் காது கேட்காதது மாதிரி போவதில் ஆச்சரியம் என்ன?

நாய் உடைந்துபோனது

1914 வாக்கில், பாவ்லோவின் ஆய்வகத்தில் ஷெங்கர்-கிரெஸ்டோவ்னிகோவா என்ற ஆய்வாளர் ஒரு நாய்க்கு வட்டத்தையும் நீள்வட்டத்தையும் காட்டினார். வட்டம் தெரிந்தால் உணவு உண்டு, நீள்வட்டம் தெரிந்தால் இல்லை. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் போலவே ஆக்கிக்கொண்டு போனார். அச்சுகளின் விகிதம் 9-க்கு 8 என்ற அளவுக்கு வந்ததும் நாய் குழம்பியது. அதுவரை அமைதியாக நின்றது கத்தியது, நெளிந்தது, கருவிகளைக் கடித்தது. முன்பு சுலபமாகப் பிரித்தறிந்த வடிவங்களையும் அதனால் பிரிக்க முடியவில்லை.

அந்த நாயை யாரும் அடிக்கவில்லை. எது சரி, எது தப்பு என்று கண்டுபிடிக்கவே முடியாத நிலைக்குத் தள்ளினார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

1924 செப்டம்பரில் லெனின்கிராட் நகரில் பெரும் வெள்ளம். கூண்டுகளில் தண்ணீர் ஏற, நாய்கள் மூக்கை மேலே தூக்கியபடி நீந்திக்கொண்டிருந்தன. ஊழியர்கள் அவற்றைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் கூண்டு வாசல் வழியாக வெளியே இழுக்க முடிந்தது. உயிர் தப்பிய நாய்களில் சில, பழகிய எல்லாவற்றையும் இழந்திருந்தன. அப்படி ஒரு நாய் மெதுவாகத் தேறியது. பிறகு கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அது மறுபடி நிலைகுலைந்தது. பயம் அவ்வளவு ஆழமாகப் பதியும்.

அப்போ ஷாக் காலர்?

‘வரலைன்னா ஒரு ஷாக், அடுத்த முறை ஓடி வரும்’ என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். வலி வேலை செய்யாது என்பது இல்லை. எதோடு அது பதியும் என்பது நம் கையில் இல்லை, பிரச்சினை அங்கேதான். ஷாக் அடிக்கும் நொடியில் நாய் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘குழந்தை என்றால் வலி’ என்று பதியலாம். அருகில் வந்த பிறகு அடித்தால், ‘வருவது ஆபத்து’ என்று பதியும். வேல்ஸில் 2010-லேயே ஷாக் காலருக்குத் தடை வந்துவிட்டது.

அப்படின்னா எப்படிப் பழக்குவது?

- புதுச் சொல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய ‘வா’ கெட்டுப்போயிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.
- முதலில் அமைதியான அறை. சொல்லை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வந்ததும் அதற்கு மிகப் பிடித்த உணவு கொடுங்கள்.
- பிறகு வராண்டா, மாடி, தெரு என்று கஷ்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளியே நீளக் கயிறு கட்டாயம்.
- பூங்காவில் பல முறை கூப்பிட்டு, உணவு கொடுத்து, மறுபடி விளையாட விடுங்கள். வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்று அது நம்பணும்.
- எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்.

கடைசி வருடங்கள்

புரட்சிக்குப் பிறகு வந்த பஞ்ச காலத்தில், 1921-ல் பாவ்லோவின் ஆய்வுக்காகவே லெனின் தனி ஆணை பிறப்பித்தார். ஆனாலும் பாவ்லோவ் அரசை விமர்சிப்பதை நிறுத்தவில்லை. மக்கள் மீது ஏவப்பட்ட அச்சுறுத்தலைக் கண்டித்து 1934 டிசம்பரில் ஆட்சியாளர்களுக்கே கடிதம் எழுதினார்.

1935-ல், அவர் முயற்சியால் ஆய்வுக் கழகத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. மறு ஆண்டு, 1936 பிப்ரவரி 27 அன்று, நிமோனியா காய்ச்சலால் தன் 86-வது வயதில் இறந்தார்.

பாவ்லோவின் நாய்கள் மேடையில் கட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை. நம் நாய்க்குத் தெரு முழுக்க இடம் இருக்கிறது. வண்டிகளும் அதே தெருவில்தான் ஓடுகின்றன. அந்த நேரத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவர நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சொல்தான்.