பழத்தோட்டம் முதல் கைரோபிராக்டிக் வரை: யார் இந்த டி.டி.பால்மர்? முதுகெலும்பை ‘சரி’ செய்தால் நோயே வராதா?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும். ஒருவர் படுத்திருப்பார், இன்னொருவர் அவர் தலையைப் பிடித்து ஒரே திருப்பு. ‘படக்’கென்று ஒரு சத்தம். நமக்கும் இப்படி ஒருத்தர் நெட்டி எடுத்துவிட்டால் தேவலையே என்று தோன்றும். நாள் முழுக்க லேப்டாப் முன்னால் குனிந்து உட்காருபவர்களுக்கு மட்டும் வருகிற ஆசை இல்லை இது. தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடி, கைகளைத் தூக்கிக் கவாத்து செய்பவர்களுக்கும் கழுத்துவலி பழகிப்போன ஒன்றுதான்.

வலி வந்தால் மட்டுமல்ல, வராமல் தடுக்கவும் தவறாமல் வாருங்கள் என்று அழைப்பது கைரோபிராக்டிக்கின் இன்றைய முகம். ஆனால் இதைத் தொடங்கியவர் மருத்துவம் படித்தவர் இல்லை. பழச்செடி நாற்றும் தேனும் விற்ற ஒரு தோட்டக்காரர். அவர் பெயர் டேனியல் டேவிட் பால்மர்.

தோட்டக்காரர், வாத்தியார், கடைக்காரர்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1845 மார்ச் 7-ம் தேதி பிறந்தார் பால்மர். அப்பாவின் தொழில் நொடித்துப்போனதால் பள்ளிப் படிப்பு சின்ன வயதிலேயே நின்றது. 1865-ல் தம்பியோடு பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு இல்லினாய் மாகாணத்தில் நிலம் வாங்கி தேனீ வளர்த்தார், ராஸ்பெரி பயிரிட்டு அதன் செடிகளை விற்றார். அதையும் விட்டுவிட்டு அயோவா மாகாணத்துக்குப் போய் மளிகைக் கடை வைத்தார்.

1886-ல் அடுத்த திருப்பம். உடம்பில் கை வைத்தே காந்த சக்தியால் நோயைக் குணப்படுத்தலாம் என்ற ‘காந்த சிகிச்சை’யில் இறங்கினார். இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அப்போது ஆன்டிபயாட்டிக் கிடையாது. பாதரசம் கலந்த மருந்துகள் புழக்கத்தில் இருந்த காலம். மருந்தே வேண்டாம், கை போதும் என்று ஒருவர் சொன்னபோது மக்கள் திரண்டதில் ஆச்சரியமில்லை. டேவன்போர்ட் நகரில் அவருடைய தொழில் நன்றாகவே ஓடியது.

1895-ல் என்ன நடந்தது?

பால்மரின் கிளினிக் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட். பல வருடங்களாகக் காது சரியாகக் கேட்காது. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியதிலிருந்துதான் இந்தப் பிரச்சினை என்று தெரிந்துகொண்ட பால்மர், 1895 செப்டம்பர் 18 அன்று அவருடைய முதுகெலும்பை அழுத்தினார். காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்று அறிவித்தார். இன்றும் அந்த நாள்தான் கைரோபிராக்டிக்கின் பிறந்தநாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை, தலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால் பால்மர் சொன்ன காரணத்தை மருத்துவர்கள் ஏற்கவில்லை.

பால்மர் அசரவில்லை. அவருடைய நோயாளியாக இருந்த பாதிரியார் ஒருவர், ‘கையால் செய்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து கைரோபிராக்டிக் என்ற பெயரை எடுத்துக்கொடுத்தார். 1897-ல் பள்ளியும் தொடங்கியாயிற்று. முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பு ஓட்டத்தைக் கெடுப்பதே நோய்க்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. 95% நோய்கள் அப்படி வருபவை என்று கணக்கே சொன்னார். கிருமியை மூல காரணமாக ஏற்கவில்லை. தடுப்பூசியையும் எதிர்த்தார். முதுகெலும்பு நேராக இருந்தால் நோய் தானாக அண்டாது என்ற நம்பிக்கைதான் அவருக்குத் தெரிந்த நோய்த்தடுப்பு.

சிறை, மகன், டைபாய்டு

1906-ல் உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக வழக்கு. அபராதம் கட்ட மறுத்து சிறைக்குப் போனார், சில வாரங்களில் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். அதே வருடம் பள்ளி மகன் பி.ஜே.பால்மர் கைக்குப் போனது. அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

மகன் விளம்பரத்தில் கில்லாடி. எக்ஸ்-ரேவைக் கொண்டுவந்தார், பின்னாளில் ரேடியோ நிலையமே நடத்தினார். இன்றைய ரீல்ஸ் கலாசாரத்துக்கு அவரை முன்னோடி என்றே சொல்லலாம்.

டி.டி.பால்மர் 1913 அக்டோபர் 20-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். காரணம் டைபாய்டு. சுத்தமான குடிநீரும் தடுப்பூசியும் தடுக்கக்கூடிய, கிருமியால் வருகிற நோய்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

அவர் இறந்த 1913-லேயே கன்சாஸ் மாகாணம் கைரோபிராக்டிக்குக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக லூசியானா 1974-ல் ஏற்றது. இடையில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை அறிவியலுக்குப் புறம்பானது என்று ஒதுக்கிவைத்தது. கைரோபிராக்டர்கள் 1976-ல் வழக்குப் போட்டார்கள். சங்கம் செய்தது போட்டித் தடுப்புச் சட்டத்தை மீறிய புறக்கணிப்பு என்று 1987-ல் தீர்ப்பு வந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், அது வியாபாரப் போட்டி பற்றிய தீர்ப்பு. பால்மரின் கொள்கை சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

நோயைத் தடுக்குமா, தடுக்காதா?

நூறு வருட ஆராய்ச்சியில் பால்மரின் 95% கரைந்துவிட்டது. எல்லா நோய்க்கும் முதுகெலும்பே காரணம் என்பதற்கு ஆதாரமில்லை. மிஞ்சியது இடுப்புவலி. அதற்கான மருந்தில்லாச் சிகிச்சைகளில் ஒன்றாக, உடற்பயிற்சி, யோகாவோடு சேர்த்து முதுகெலும்புச் சிகிச்சையையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் குறிப்பிட்டது.

தடுப்பு விஷயத்தில் 2018-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு முக்கியமானது. அடிக்கடி இடுப்புவலி வந்து, கைரோபிராக்டிக்கில் ஏற்கெனவே பலன் கண்டவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். வலி இல்லாதபோதும் திட்டமிட்டு சிகிச்சைக்குப் போனவர்களுக்கு, வலித்தால் மட்டும் போனவர்களைவிட ஒரு வருடத்தில் சுமார் 13 நாட்கள் தொந்தரவு குறைந்தது. பலன் உண்டு, ஆனால் இடுப்புவலிக்கு, அதுவும் குறிப்பிட்ட சிலருக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சலை இது தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆபத்து கழுத்தில் இருக்கிறது. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் வந்தால் ஆளையே முடக்கிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனி கவுன்சில் கிடையாது. அதனால் கழுத்தைத் தொடுபவர் எங்கே, என்ன படித்தார் என்று கேட்பது நம் பொறுப்பு. கை, கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, வலியோடு காய்ச்சல், விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி என்றால் நெட்டி எடுக்கிறவரிடம் போகக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

மற்றபடி நிஜமான தடுப்புக்குச் செலவு குறைவு. பந்தலுக்குக் கீழே வேலை என்றால் அண்ணாந்தே நிற்காமல் அவ்வப்போது கையை இறக்கி, கழுத்தைத் தளர்த்துவது. ஆபீஸ் என்றால் ஸ்கிரீனைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது. கூடவே முதுகுத் தசையைப் பலமாக்கும் பயிற்சி. வலிக்கிற உடம்புக்குக் கை வைத்தியம் ஆறுதல் தரும் என்பதைத் தோட்டக்காரர் பால்மர் சரியாகவே கண்டுகொண்டார். எல்லா நோய்க்கும் அதுவே விடை என்றதுதான் அவர் தவறிய இடம்.