நெய்யூர் டாக்டர் சோமர்வெல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயிலில் போகிறவர்கள் இரணியல் ஸ்டேஷனைக் கவனித்திருப்பார்கள். அதற்குப் பக்கத்து ஊர் நெய்யூர். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை இந்த ஊர் திருவிதாங்கூர் பகுதியாக இருந்து திருவனந்தபுரத்தின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1838-ம் ஆண்டு டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்பவர் அங்கே தொடங்கிய மருத்துவப் பணி, பின்னர் தென்னிந்தியா முழுதும் பேர் பெற்ற மிஷன் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை உலகறியச் செய்தவர் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிக்கு ஆயிரம் அடி வரை நெருங்கிச் சென்ற வீரர் என்று அவரைப் பலர் அறிவர். வயிற்றுப் புண்ணுக்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் என்ன என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் நெய்யூருக்கும் அவருக்கும் உள்ள இடத்தை அறிந்தவர் சிலரே.

செருப்பு வியாபாரியின் மகன்

சோமர்வெல் 1890-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டால் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் பூட்ஸ், செருப்புத் தயாரிப்பில் பெரும் பொருள் ஈட்டியவர்கள். மகன் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவம் பயின்றார்.

படிப்பு முடிந்த சமயம் முதல் உலகப் போர் மூண்டது. 1915 முதல் 1918 வரை பிரான்ஸில் ராணுவ டாக்டராக இருந்தார். 1916-ம் ஆண்டு சோம் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டவர்கள் கூடாரத்துக்கு வெளியே வயல் முழுதும் கிடந்தார்கள். உள்ளே இருந்த சர்ஜன்களோ விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். யாரை முதலில் மேஜையில் கிடத்துவது, யாரை விட்டு விடுவது என்று ஒவ்வொரு நிமிடமும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சி அவர் மனதை விட்டு அகலவில்லை. போரை வெறுப்பவராகவே அவர் ஊர் திரும்பினார். 1920-ல் எப்.ஆர்.சி.எஸ். பட்டமும் பெற்றார்.

பனிமலையும் நெய்யூரும்

1922-ம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் அவர் இடம் பெற்றார். மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் பிராணவாயு சிலிண்டர் இல்லாமலேயே 26,985 அடி வரை ஏறினார். அது வரை மனிதன் எட்டாத உயரம் அது. ஆனால் ஜூன் 7-ந் தேதி மீண்டும் ஏற முயன்றபோது பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் மாண்டனர். வெள்ளையர் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பிறருடைய கனவுக்காக எளியவர்கள் உயிர் துறந்த அந்தச் சம்பவம் சோமர்வெல்லைப் பெரிதும் உறுத்தியது.

பயணம் முடிந்ததும் உடனே கப்பல் ஏறாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், தெற்கே வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்தார். அங்கே கூட்டம் அலைமோதியது. டாக்டர் பியூ என்பவர் தனி ஆளாக அதைச் சமாளித்துக் கொண்டிருந்தார். சோமர்வெல்லும் கையை மடக்கிக் கொண்டு ஆபரேஷன் செய்ய இறங்கினார். லண்டனில் அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிப் பதவி காத்திருந்தது. அதை விட்டு விட்டு 1923-ல் லண்டன் மிஷன் டாக்டராக நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

1924-ல் மீண்டும் எவரெஸ்ட் அழைத்தது. ஜூன் 4-ந் தேதி நார்ட்டனுடன் சுமார் 28,000 அடி வரை சென்றார். தொண்டை புண்ணாகி மூச்சு முட்டியதால் அதற்கு மேல் போக இயலவில்லை. இறங்கி வரும்போது தொண்டை அடியோடு அடைத்துக் கொண்டது. முன்னே சென்ற நார்ட்டனைக் கூப்பிடக் குரலும் எழவில்லை. சாவு வந்து விட்டது என்று பனியில் உட்கார்ந்து விட்டவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தினார். அடைத்திருந்த சதைத் துண்டு வெளியே வந்து விழுந்தது. மூச்சும் வந்தது. இரண்டு நாள் கழித்து உச்சியை நோக்கிப் புறப்பட்ட மல்லோரி அவரிடம் காமிராவை இரவல் வாங்கிச் சென்றார். மல்லோரியும் வரவில்லை, காமிராவும் வரவில்லை.

அடுத்த ஆண்டு மார்கரெட் ஹோப் சிம்சனை மணந்து கொண்டார். நெய்யூர் வாழ்க்கை முழு மூச்சுடன் தொடங்கியது.

மரச்சீனியும் வயிற்று வலியும்

நெய்யூரில் அவர் கண்ட பெரிய நோய் வயிற்றுப் புண். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் ஏற்பட்டு, நாளடைவில் தழும்பாகி வழியை அடைத்து விடும். சாப்பிட்டது கீழே இறங்காது. வாந்தி எடுத்து எடுத்து ஆள் எலும்பும் தோலுமாகி விடுவான். இரைப்பையையும் சிறுகுடலையும் வேறு வழியாக இணைத்துத் தைக்கும் ஆபரேஷன்தான் அன்றைக்கு இருந்த பரிகாரம். நெய்யூர் சர்ஜன்கள் செய்த அளவுக்கு இந்த ஆபரேஷனைச் செய்தவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. 1936-ம் ஆண்டு சோமர்வெல்லும் அவருடைய சகா டாக்டர் ஆரும் 2,500 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து பிரிட்டிஷ் சர்ஜரி சஞ்சிகையில் வெளியிட்டார்கள்.

இங்கே மட்டும் ஏன் இத்தனை பேருக்கு இந்தப் புண்? குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்தி வந்த சர் ராபர்ட் மக்காரிசன் இதற்கு எலிகளிடம் விடை தேடினார். ஒவ்வொரு பிரதேச மக்கள் உண்ணும் உணவையும் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிக் கிழங்கு உணவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தின்ற எலிகளில் கால் பங்குக்கு மேற்பட்டவற்றுக்கு வயிற்றில் புண் இருந்தது. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவைத் தின்ற எலிகளுக்குப் புண் இல்லை. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் பஞ்சத்தைத் தடுக்கப் பரப்பப்பட்ட மரச்சீனி, ஏழையின் பசியைத் தீர்த்ததோடு வயிற்றையும் அரித்ததோ என்ற சந்தேகம் வலுத்தது.

ஆனால் இத்தகைய சான்றுகளை எடை போடும்போது சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். பேர் பெற்ற ஆஸ்பத்திரிக்குத் தொலைதூரத்திலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். ஆகவே வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்து ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று கணக்கிட முடியாது. ஆபரேஷன் முடிந்து போனவர்களில் நலமானவர்கள் வாழைக்குலையுடன் நன்றி சொல்ல வருவார்கள். இறந்தவர்கள் வர மாட்டார்கள். வராத ஒருவர் குணமாகி வேலைக்குப் போய் விட்டாரா, வேறு டாக்டரிடம் போனாரா, மண்ணுக்குள் போனாரா என்று தேடிப் பார்த்த பிறகே ஆபரேஷனின் பலனைச் சொல்ல முடியும். எலியின் வயிறு மனிதனின் வயிறு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

பின்னாளில் நடந்தது இதை மெய்ப்பித்தது. 1982-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தனர். பெரும்பாலான வயிற்றுப் புண்ணுக்கு அதுவே மூலம் என்று தெரிய வந்தது. 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கத்தி எடுத்துத் தீர்க்க வேண்டியிருந்த நோய் சில நாள் மாத்திரையில் தீருகிறது. உணவின் பங்கு அடியோடு இல்லை என்று ஒதுக்கி விடவும் முடியாது. அந்தக் கிருமி வட இந்தியரின் வயிற்றிலும் ஏராளமாக இருக்கிறது. எனவே கிருமி ஒன்றை மட்டும் கொண்டு தெற்கு, வடக்கு வித்தியாசத்தை முழுதும் விளக்க இயலாது.

வெற்றிலைப் பெட்டியின் விபரீதம்

நெய்யூரின் இன்னொரு கணக்கு காலத்தை வென்று நின்றது. சோமர்வெல் வருவதற்கு முன்பே, 1908-ல், அங்கிருந்த டாக்டர் பென்டால் திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தை லண்டன் சஞ்சிகையில் எழுதினார். கன்னத்தின் உட்புறத்தில் வரும் புற்று இங்கே மிகுதி என்பது தெரிந்தது. 1933-ல் டாக்டர் ஆர் இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். வெற்றிலை போடும் பழக்கத்தையும் அதோடு சேரும் புகையிலையையும் அவர் சுட்டிக் காட்டினார். தாம்பூலத்தைக் கன்னத்தில் அடக்கிக் கொள்ளும் இடத்திலேயே புற்று தோன்றுவது சாதாரண விஷயம் அல்ல.

எலி சொன்ன சாட்சி ஒன்று, மனிதர்கள் சொன்ன சாட்சி இன்னொன்று. இரண்டாவது சாட்சியைப் பிற ஊர்களில், பிற டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். விடை மாறவில்லை. 1985-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு கூறியது. 2004-ல் புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

நெய்யூரில் தொடங்கிய கேள்விக்கு அடுத்த படி திருவனந்தபுரத்தில் எடுத்து வைக்கப்பட்டது. வாயைத் திறந்து பார்த்தே நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடித்தால் உயிர்கள் பிழைக்குமா? 1981-ல் நிறுவப்பட்ட இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தின் டாக்டர்கள் 1996-ல் இதைச் சோதிக்கத் தொடங்கினர். மாவட்டத்தில் 13 வட்டாரங்களைத் தேர்ந்து, யார் விருப்பு வெறுப்புக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஏழு வட்டாரங்களில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைச் சோதித்தனர். மற்ற ஆறில் வழக்கமான சிகிச்சை மட்டுமே. இரு பக்கமும் சேர்த்து 1,91,873 பேர்.

2005-ல் முடிவு வெளியானது. சோதித்த பக்கம் வாய்ப் புற்றால் இறந்தவர்கள் 77 பேர், மறுபக்கம் 87 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். ஆனால் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களை மட்டும் தனியே பார்த்தபோது மரண விகிதம் 34 சதவிகிதம் குறைந்திருந்தது. பின்னர் இந்த ஆய்வைப் பரிசீலித்த நிபுணர்கள், இது ஒன்றே ஒன்றுதான், இதன் முறையிலும் குறைகள் உண்டு என்று எச்சரித்தார்கள். ஆகவே எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது போதிய ஆதாரம் ஆகாது. புகையிலை போடுகிறவர்கள் வாயைக் காட்டிக் கொள்வது நல்லது என்பதற்கு இது பலம் சேர்க்கிறது.

இறுதி நாட்கள்

சோமர்வெல் 1949 வரை நெய்யூரில் உழைத்தார். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளைஞர்களுக்கு அறுவை சிகிச்சை கற்பித்தார். கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம், ஓ.பி.இ. விருது முதலியன அவரைத் தேடி வந்தன. முன்னதாக 1924 குளிர்கால ஒலிம்பிக்கில் 1922 எவரெஸ்ட் குழுவினருக்குப் பதக்கம் வழங்கப்பட்டிருந்தது. ஓய்வு நேரத்தில் இமயத்தின் காட்சிகளை ஓவியமாகத் தீட்டினார். 1961-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1975-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி ஆம்பிள்சைட் என்னும் ஊரில் காலமானார்.

அவர் காலத்து விடைகளில் சில நின்றன, சில மாறின. அதனால் அவருக்குக் குறைவில்லை. நோயாளிகளின் கணக்கை எழுதி வைத்து, பிறர் சரிபார்க்கும்படி அச்சில் கொடுத்தார்களே, அந்தப் பழக்கம்தான் பெரிது. எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களுக்குத் தவறைத் திருத்தவும் சரியை உறுதி செய்யவும் முடிந்தது. காரக்கோணத்தில் அவர் பெயரில் இயங்கும் கல்லூரியில் வெள்ளைக் கோட்டு அணியும் மாணவர்கள் அவரது கத்தியின் திறமையோடு இந்தப் பழக்கத்தையும் கற்றுக் கொண்டால் நாட்டுக்கு நல்லது. வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும் முன் பொதுமக்களும் நெய்யூர்க் கணக்கை ஒரு முறை நினைத்துக் கொள்வது வீட்டுக்கு நல்லது.