வெள்ளைச் சேலை, விபூதி, சுருக்கம் விழுந்த முகம்... கே.பி.எஸ் கதை உங்க சருமத்துக்கு ஏன் தேவை?

ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறி, ஜன்னலோர சீட் கிடைச்சதும் முதல் வேலையா என்ன செய்வீங்க? மொபைலை செல்ஃபி கேமராவுக்கு மாத்தி முகத்தைப் பார்ப்பீங்க. அம்பத்தூர் வர்றதுக்குள்ள காம்பாக்ட் ஒரு டச், லிப்ஸ்டிக் ஒரு டச். அப்போதான் கண்ணோரத்துல மெல்லிசா ஒரு கோடு தெரியும். அன்னிக்கு நாள் முழுக்க மனசு அந்தக் கோட்டு மேலதான் இருக்கும். ராத்திரி படுக்குறதுக்குள்ள ஆன்டி ஏஜிங் சீரம் நாலு கார்ட்ல ஏறியிருக்கும்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒருத்தரோட கதையைக் கேளுங்க. முகம் முதிர்ந்த பிறகுதான் அவரைத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. உங்க தெரு முருகன் கோயில் ஸ்பீக்கர்ல கார்த்திகைக்கும் தைப்பூசத்துக்கும் கணீர்னு ஒரு குரல் கேட்குமே, அதே கே.பி.சுந்தராம்பாள்தான்.

ரயிலில் பாடிய சிறுமி

நீங்க தினமும் போற அம்பத்தூர், ஆவடி வழியாத்தான் சென்ட்ரல்ல இருந்து ஈரோட்டுக்கு ரயில்கள் ஓடுது. ஈரோட்டுல இறங்கி கரூர் ரூட்டுக்கு மாறினா, காவிரிக்கரையில கொடுமுடின்னு ஒரு ஊர் வரும். கே.பி.எஸ் பேர்ல இருக்கிற 'கே' அந்த ஊர்தான். 'பி' அவங்க அம்மா பாலாம்பாள்.

1908-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இல்லை. வீட்டில் அடுத்த வேளைக்கு அரிசி இல்லை. ரயிலில் பாடிக் காசு வாங்கினால்தான் அடுப்பெரியும் என்ற நிலைமை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் கையைப் பிடித்து நாடகத்துக்குக் கூட்டிவந்தார்கள். வேலு நாயரின் நாடக கம்பெனியில் சேர்ந்தபோது சுந்தராம்பாள் இன்னும் சிறுமிதான்.

முகத்தில் பூசிய விஷம்

அந்தக் காலத்து நாடகம்னா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் நடக்கும். மைக் கிடையாது. விளக்கு வெளிச்சம் மங்கல். கடைசி வரிசையில இருக்கிறவருக்கும் முகம் தெரியணும்னா, கெட்டியா மேக்கப் போட்டே ஆகணும்.

நடிக்கிறவங்களை இன்னிக்கும் 'அரிதாரம் பூசினவங்க'ன்னு சொல்றோம். அரிதாரம்ங்கறது மஞ்சள் நிறத்துல இருக்கிற ஒரு கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். சுத்தமான விஷம்! உலகம் முழுக்க முகத்தை வெளுப்பாக்க ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சும் பல நூறு வருஷம் புழக்கத்துல இருந்துச்சு. அதுவும் தோலை அரிக்கும், உடம்புக்குள்ள போய் நரம்பைக் கெடுக்கும். ஒரு ராத்திரி அழகுக்காகத் தோலைப் பணயம் வெச்சவங்க நிறைய பேர்.

அதெல்லாம் அந்தக் காலம்னு நினைக்காதீங்க. லேபிள்ல கம்பெனி பேரோ, என்னென்ன கலந்திருக்குன்னோ இல்லாம விற்கிற சில சிவப்பழகு க்ரீம்கள்ல இன்னிக்கும் பாதரசம் இருக்கு. அரிதாரத்துக்கு இது ஒண்ணும் சளைச்சதில்ல.

25 வயதில் வெள்ளைச் சேலை

இலங்கை மேடைகளில் சுந்தராம்பாள் பெரிய நட்சத்திரமாக இருந்த நேரம். 1926-ல் அங்கே எஸ்.ஜி.கிட்டப்பா வந்து சேர்ந்தார். செங்கோட்டைக்காரர், உச்ச ஸ்தாயியில் பாடி ஊரைக் கட்டிப்போட்டவர். இவர் முன்னால் இந்தப் பெண் தாக்குப்பிடிப்பாரா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். மேடையில் இரண்டு குரலும் போட்டி போட, கூட்டம் அலைமோதியது. அடுத்த வருடம் திருமணம்.

அதற்குப் பிறகு வந்தது சந்தோஷக் கதை இல்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. மனக்கசப்பு வளர்ந்து இருவரும் பிரிந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பாவும் போய்விட்டார். அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

25 வயசுன்னா யோசிச்சுப் பாருங்க. நாம முதல் சம்பளத்துல ஃபவுண்டேஷன் ஷேடு தேடுற வயசு. அந்த வயசுல அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசிவரை அதை மாற்றவே இல்லை. வெள்ளை உடையும் நெற்றி நிறைய விபூதியும்தான் அதன்பின் ஊர் பார்த்த கே.பி.எஸ்.

இதை அழகான தியாகம்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அது நியாயமில்ல. அந்தக் காலத்துல கணவன் போயிட்டா, பெண்ணோட பொட்டையும் பூவையும் வண்ணத்தையும் ஊரே சேர்ந்து எடுத்துடும். அவரோட துக்கம் உண்மை, உறுதியும் உண்மை. கூடவே அந்தக் கொடுமையான வழக்கமும் உண்மை. ஒரு பெண்ணோட முகத்துல என்ன இருக்கணும்னு மத்தவங்க முடிவெடுத்த காலம் அது.

ஆனா, வீட்டு மூலையில உட்காருவார்னு எதிர்பார்த்த உலகத்துக்கு அவர் கொடுத்த பதில் வேற மாதிரி. 1935-ல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்த நாளில் இந்தியாவே வாயைப் பிளந்த தொகை. சுதந்திரப் போராட்டத்தில் காங்கிரஸ் மேடைகள்தோறும் பாடினார். பின்னாளில் சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் அவர்தான்.

இளமையைத் திருப்பிக் கொடுத்தவள்

1953-ல் ஜெமினி ஸ்டூடியோவின் எஸ்.எஸ்.வாசன் 'ஔவையார்' படம் எடுத்தார். ஔவைக் கதை உங்களுக்குத் தெரியும்தானே? கல்யாண ஏற்பாடு நடக்கும்போது, தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையாரிடம் வேண்டி, ஒரே நொடியில் கிழவியாகிவிடுகிற பெண். அதன்பிறகு அவளை யாரும் அடைத்துவைக்க முடியாது. கோலை ஊன்றிக்கொண்டு அரசவை, போர்க்களம், ஏழை வீடு என்று எங்கும் போவாள். யாரையும் கேள்வி கேட்பாள்.

படத்தில் இளம்பெண் ஔவையாக வந்தவர் குசலகுமாரி. முதிய ஔவை கே.பி.எஸ். அப்போது அவருக்கு 45-கூட நிறையவில்லை. மற்ற நடிகைகள் வயதைக் குறைத்துக்காட்ட மேக்கப் அறையில் உட்கார்ந்திருந்தபோது, இவர் வயதைக் கூட்டிக்காட்ட உட்கார்ந்தார். படம் வெளியான பிறகு தமிழ்நாட்டுக்கு ஔவையின் முகம் என்றாலே இவர் முகம்தான்.

இதில் இன்னொன்று உண்டு. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் முதிய அம்மையாராக வந்தவர் இவரே. அந்த அம்மையாரும் தன் அழகை வேண்டாமென்று உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கியவர். அழகைத் துறந்த இரண்டு பெண்களுக்கும் தமிழ் சினிமா தேடிப்பிடித்த முகம் ஒன்றுதான்.

55-க்கு மேலதான் பிஸி!

சினிமாவுல ஹீரோயின்களுக்கு 35 வந்தாலே அக்கா, அம்மா ரோல்னு ஒதுக்குறதைப் பார்த்திருப்பீங்க. கே.பி.எஸ் கிராஃப் தலைகீழ். 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். அப்போது 55 வயது. அடுத்த வருடம் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடி ஔவை. 1967-ல் 'கந்தன் கருணை'. 1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் இறந்தார்.

க்ளோஸ் அப்பில் அந்த முகத்தைப் பாருங்க. கன்னம் தளர்ந்திருக்கும், நெற்றியில் கோடு இருக்கும். அதை யாரும் குறையாகப் பார்க்கலை. கோபம் வந்தால் அந்தக் கோடுகளும் சேர்ந்து கோபப்படும்.

சரி, நம்ம சருமத்துக்கு வருவோம்

அதுக்காக க்ரீமையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வெள்ளைச் சேலை கட்டணும்னு சொல்ல வரலை. வயசை மறைக்கிறது வேற, சருமத்தைப் பராமரிக்கிறது வேற. முதலாவது ஜெயிக்க முடியாத சண்டை. ரெண்டாவது, தினமும் அஞ்சு நிமிஷ வேலை.

முதல்ல வெயில். வயசாகுறதால மட்டும் சுருக்கம் வர்றதில்ல. கருந்திட்டு, சொரசொரப்பு, கோடுன்னு நாம முதுமைன்னு நினைக்கிறதுல பெரும் பங்கு வெயிலோடது. பூந்தமல்லி பைபாஸ்ல டூவீலர் ஓட்டுறீங்களா? துப்பட்டாவைச் சுத்திக்கிட்டாலும் சன்ஸ்கிரீன் வேணும். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதுக்கு மேல. முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசுங்க. வெளியிலேயே வேலைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். அம்பத்தூர் எஸ்டேட்ல கண்ணாடி ஜன்னலோரம் சீட்டா? யு.வி.ஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும், அதனால உங்களுக்கும் உண்டு.

அடுத்து ஈரப்பதம். வயசு ஏற ஏற எண்ணெய்ச் சுரப்பு குறையும். 45 - 50 வயசை ஒட்டி மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சு, தோல் சட்டுனு வறண்டு மெலியும். உங்க அம்மா முகம் இழுக்குதுன்னு சொன்னா காரணம் இதுதான். சோப்புக்குப் பதிலா மென்மையான ஃபேஸ்வாஷ் வாங்கிக் கொடுங்க. வீட்ல போர் தண்ணி உப்பா இருந்தா, முகத்துக்கு மட்டுமாவது நல்ல தண்ணி. துடைச்சு முழுக்கக் காயுறதுக்கு முன்னாடியே மாய்ஸ்ச்சரைசர். கழுத்தையும் புறங்கையையும் விட்டுடாதீங்க.

ராத்திரிக்கு ரெட்டினால். முதிர்ந்த சருமத்துக்கு ஆராய்ச்சி பலம் உள்ள பொருள்கள்ல முக்கியமானது. வாரத்துல ரெண்டு நாள்னு மெதுவா ஆரம்பிங்க, பட்டாணி அளவு போதும். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுறவங்களும் தொடவே கூடாது.

மேக்கப்ல ஒரே விதி. வயசு கூடக் கூட அளவைக் குறைங்க. பவுடரும் கெட்டி ஃபவுண்டேஷனும் கோட்டுக்குள்ள போய் உட்கார்ந்து, இல்லாத பத்து வயசைக் கூட்டிக் காட்டும். மாய்ஸ்ச்சரைசர் போட்டு அஞ்சு நிமிஷம் விட்டு, லேசான க்ரீம் வகை, கூட ஒரு லிப்ஸ்டிக். அவ்ளோதான். எவ்வளவு களைப்பா இருந்தாலும் மேக்கப்பைக் கலைக்காம தூங்காதீங்க.

எலுமிச்சம்பழத்தை முகத்துல தேய்ச்சுட்டு வெயில்ல போறது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு மெடிக்கல் ஷாப்ல ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூசுறது, ரெண்டும் வேண்டாம். ஸ்டீராய்டு முதல்ல பளபளப்பு காட்டும். அப்புறம் தோலை மெலிய வெச்சு, பரு, முடின்னு வட்டியோட திருப்பிக் கொடுக்கும். திட்டு பரவினா சரும மருத்துவரைப் பாருங்க.

யார் முடிவு பண்றது?

90 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெண்ணோட நெற்றியை ஊர் முடிவு பண்ணுச்சு. இன்னிக்கு 25 வயசுக்காரியை விளம்பரம் பயமுறுத்துது. 50 வயசு அம்மா லிப்ஸ்டிக் எடுத்தா இந்த வயசுல எதுக்குன்னு வீடே கேட்குது. அப்பா இல்லாத அம்மா பொட்டு வெச்சா இன்னிக்கும் சிலர் திரும்பிப் பார்க்குறாங்க. பார்க்கப்போனா எல்லாமே ஒரே அதிகாரம்தான்.

கே.பி.எஸ்ஸுக்குக் கிடைச்ச வழி ரொம்பக் குறுகல். அதுக்குள்ளேயே தன் முகத்தைத் தானே எழுதிக்கிட்டார். நமக்கு வழி அகலமா இருக்கு. அடுத்த தடவை சன்ஸ்கிரீன் வாங்கும்போது அம்மாவுக்கும் சேர்த்து ஒண்ணு எடுங்க. அவங்களுக்கு எந்தக் கலர் லிப்ஸ்டிக் பிடிக்கும்னு கேளுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க. சிவப்புன்னு சொன்னா, சிவப்பே வாங்கிக் கொடுங்க!