நோயறியும் அணு: ஹோமி ஜஹாங்கீர் பாபா

புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றுத் தேறிய ஒருவருக்குச் சில காலம் கழித்து முதுகிலோ இடுப்பிலோ வலி தோன்றினால் மருத்துவர்கள் அதனை எளிதாக விட்டுவிடுவதில்லை. மார்பகத்திலும் புராஸ்டேட் சுரப்பியிலும் தோன்றும் புற்றுநோய்கள் எலும்புகளுக்குப் பரவும் இயல்பு மிகுதியாக உடையவை. புனே நகரின் மருத்துவமனைகளில் இன்று அத்தகைய நோயாளிக்குக் கையில் சிறிய ஊசி ஒன்று போடப்படுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் தண்ணீர் அருந்திக் காத்திருந்தபின், காமா படக்கருவியின்கீழ் அவர் அசையாது படுக்கிறார். தலை முதல் கால் வரை எலும்புக்கூடு முழுவதும் ஒரே படமாக விழுகிறது. அந்த ஊசி மருந்தில் இருப்பது கதிரியக்க அணு. நம் நாட்டில் அணுவை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஹோமி பாபா.

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தந்தையின் உடன்பிறந்தவரான மெஹர்பாய், ஜம்ஷெட்ஜி டாடாவின் மூத்த மகன் தோராப்ஜி டாடாவை மணந்தவர். ஆகவே டாடா குடும்பத்தின் இல்லம் சிறுவர் பாபாவுக்கு அத்தை வீடாயிற்று. உருக்காலை, நீர்மின் நிலையம் போன்ற பெருந்திட்டங்களைப் பற்றிய பேச்சு அவ்வீட்டில் நாள்தோறும் நிகழ்ந்தது.

1927இல் பாபா கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் பொறியாளராகித் திரும்ப வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அவருடைய உள்ளமோ இயற்பியலை நாடியது. பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் வென்றுவிட்டுத் தாம் விரும்பிய இயற்பியலுக்கே மாறினார். அவர் அங்குப் பயின்றுகொண்டிருந்த 1931ஆம் ஆண்டில் அத்தை மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் பிரித்தானியாவில் உயிர் நீத்தார். மனைவி பெற்ற மருத்துவ வசதி இந்தியாவிலும் கிடைக்க வேண்டும் என்று விரும்பிய தோராப்ஜி, தம் உடைமைகளை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். மறு ஆண்டே அவரும் மறைந்தார். அவ்விருப்பத்தின் பயனாக 1941இல் மும்பை பரேல் பகுதியில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது.

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்த பாபா, இரண்டாம் உலகப் போர் மூண்டதால் திரும்பிச் செல்ல இயலாமல் பெங்களூரில் சர் சி.வி. இராமன் தலைமை வகித்த இயற்பியல் துறையில் பணியேற்றார். போர் முடிந்தபின்னும் அவர் அயல்நாட்டில் குடியேறவில்லை. 1944இல், அணு ஆய்வுக்கு இந்தியாவிலேயே ஒரு நிறுவனம் வேண்டும் என்று தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கே விண்ணப்பம் விடுத்தார். அதன் விளைவு 1945இல் தோன்றிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். புற்றுநோய் மருத்துவமனைக்கும் இயற்பியல் ஆய்வகத்துக்கும் ஒரே அறக்கட்டளை தாயாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அவ்விரண்டையும் பின்னர் இணைத்தது பாபாவின் திட்டமே.

1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையைக் கட்டியவர்கள் இந்தியப் பொறியாளர்கள். பாபாவின் முதல் நோக்கம் மின்னாற்றலே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலை ஒன்று இருந்தால் கதிரியக்க ஐசோடோப்புகளையும் ஆக்கலாம். அவற்றை உடலுக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்தி, அவை செல்லும் வழியைக் கருவியால் பின்தொடரலாம். இதனை உணர்ந்த பாபாவின் முயற்சியால் 1962இல் டாடா நினைவு மருத்துவமனை அணுசக்தித் துறையின் பொறுப்பில் வந்தது. அடுத்த ஆண்டு பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. அணு உலைகளை ஆளும் ஒரு துறை புற்றுநோய் மருத்துவமனையையும் நடத்துவது அக்காலத்தில் பலருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும்.

ஓவியம் தீட்டுவதிலும் மேலை இசையிலும் ஈடுபாடு கொண்ட பாபா, திருமணம் செய்துகொள்ளவில்லை. 1966 சனவரி 24ஆம் நாள் வியன்னா நகரக் கூட்டம் ஒன்றிற்குச் செல்லும் வழியில், அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளான் சிகரத்தில் மோதியது. அவருக்கு அப்போது வயது 56. மறு ஆண்டு டிராம்பே நிலையம் அவர் பெயரைப் பெற்றது.

இன்றைய எலும்புப் படத்தைக் காண அவர் இல்லை. அவர் மறைந்து ஐந்தாண்டுகளுக்குப்பின், 1971இல், அமெரிக்காவில் கோபால் சுப்பிரமணியன், ஜான் மெக்காஃபி ஆகிய இருவரும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட்டுச் சேர்மத்துடன் இணைத்து எலும்பில் தங்கும் மருந்தை உருவாக்கினர். எலும்பு ஓயாது தேய்ந்து புதுப்பிக்கப்படும் உறுப்பு. புற்றுநோய் வேரூன்றிய இடத்தைச் சுற்றி அப்புதுப்பிப்பு விரைவடைய, மருந்து அங்கு மிகுதியாகச் சேர்ந்து படத்தில் கரும்புள்ளியாகத் தெரிகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் மாற்றம் தெரிய, எலும்பின் தாதுப் பொருளில் பெரும் பங்கு அழிந்திருக்க வேண்டும். இம்முறையிலோ பல மாதங்கள் முன்னரே அறியலாம். மூட்டுத் தேய்மானமும் பழைய முறிவும்கூடப் புள்ளியாகத் தெரியும் என்பதால், மருத்துவர் அவற்றைப் பிரித்தறிந்த பின்னரே முடிவு கூறுவார்.

டெக்னீசியத்தின் அரைவாழ்வுக் காலம் ஆறே மணி நேரம். அதனைச் சேமித்து வைக்க இயலாது. எனவே 66 மணி நேர அரைவாழ்வு உடைய மாலிப்டினம், ஈயக் கவசமிட்ட பெட்டியில் மருத்துவமனைக்கு வருகிறது. அது சிதைந்து தரும் டெக்னீசியத்தைக் காலைதோறும் உப்புநீரால் பிரித்தெடுக்கின்றனர்; பசுவிடம் பால் கறப்பது போன்றது இது. டிராம்பேயிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புனேயில், அன்று காலையில் கறந்ததே அன்றைய நோயாளிகளின் ஊசியில் ஏறுகிறது.