கோபாலசமுத்திரத்துப் புரத மேதை

ஜி. என். ராமச்சந்திரன் உலகம் போற்றிய விஞ்ஞானி. அவர் பெயரின் முதல் எழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா? ஓர் ஊரை! திருநெல்வேலி டவுணுக்கு அருகே, தாமிரபரணித் தண்ணீர் பாயும் கோபாலசமுத்திரம்தான் அந்த ஊர்.

அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி. தந்தை அங்கே கல்லூரியில் கணிதப் பேராசிரியர்.

பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்றார். கேம்பிரிட்ஜ் சென்று 1949-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பவுதிகத் துறைத் தலைவர் ஆனார்.

மூன்று புரிக் கயிறு

நம் தோலையும் எலும்பையும் தாங்குவது கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவம் அன்று பெரிய புதிர். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-ம் ஆண்டுகளில் விடை கண்டார்கள். கயிற்றைப் போல அதில் மூன்று புரிகள் முறுக்கிக் கிடக்கின்றன!

அந்தக் கயிறு தளராமல் இருக்க, உடம்பே அதில் அங்கங்கே ஆக்சிஜனை ஒட்ட வைக்கிறது. இதற்கு வைட்டமின் சி வேண்டும். அது குறைந்தால் கயிறு தளரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். புரதத்தில் சேரும் ஒரு சிறு ஒட்டுக்கு அத்தனை வலிமை!

1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரதம் எப்படியெல்லாம் மடங்க முடியும் என்பதைப் படமாக வரைந்து காட்டினார். அந்த 'ராமச்சந்திரன் படம்' இல்லாத புரதப் பாடப்புத்தகம் அபூர்வம்.

விதியின் விளையாட்டு

முதுமையில் அவரைப் பார்க்கின்சன் நோய் பிடித்தது. அது கை கால் நடுங்கும் மூளை நோய். மூளைக்குள் ஆல்பா சைனூக்ளின் என்ற புரதம் வடிவம் கெட்டு, கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். புரதத்தின் வடிவத்தைக் கண்டவருக்கே அந்த நோய்!

2001 ஏப்ரல் 7-ந்தேதி அவர் காலமானார்.

அடுத்த ஆண்டே, 2002-ல், ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒன்றைக் கண்டார்கள். அந்தக் கட்டிகளில் உள்ள புரதத்தில் பெரும்பகுதிக்கு பாஸ்பேட் என்ற ஒட்டு இருந்தது. நல்ல மூளையில் அது மிகச் சொற்பம். கயிற்றைக் காக்கிறது ஓர் ஒட்டு. கட்டியோடு சேர்ந்து நிற்கிறது இன்னோர் ஒட்டு!

ஒட்டு சேர்ந்ததால் புரதம் திரண்டதா? திரண்ட பிறகு ஒட்டு சேர்ந்ததா? இன்னும் விவாதம் ஓயவில்லை. நடுக்கத்தைக் குறைக்க மருந்து உண்டு. நோயையே தீர்க்க மருந்து இல்லை. விடை கிடைத்தால் அதற்கு வழி திறக்கலாம்.

அந்த விடையைத் தேடுகிறவர்களுக்கும், புரதம் மடங்கும் விதத்தை அறியக் கை கொடுப்பது அவர் வரைந்த படமே!