கழகத்தை விட்டுப் போகாத எட்கார் கேல்

லண்டனில் இருக்கும் என் சித்தியின் மகன் அனுப்பிய படம் ஒன்றில்தான் அந்தப் பெயரை முதலில் பார்த்தேன். தென் லண்டனில் ஓர் உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போகும் பாதை அது. பெயர்ப்பலகையில் எட்கார் கேல் வே என்று எழுதியிருந்தது. வேலை முடிந்து வாரக்கடைசியில் அவன் ஆட்டம் பார்க்கப் போவது அங்கேதான். கழகத்தின் பெயர் டலிச் ஹாம்லெட்.

1893 இல் தொடங்கிய அந்தக் கழகத்தில் எட்கார் கேல் பதின்ம வயதிலேயே சேர்ந்தார். அவர் பிறந்தது 1900 இல். முதலாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு முதல் அணிக்கு வந்தவர், 1933 வரை வேறு கழகத்துக்குப் போகவில்லை. அடித்த கோல்கள் 400 ஐத் தாண்டின. 1920 இலும் 1932 இலும் கழகம் இங்கிலாந்தின் அமெச்சூர் கிண்ணத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 1932 இறுதியாட்டத்தில் மரைன் அணியை 7-1 என்று தோற்கடித்தார்கள்.

அந்தக் காலத்தில் அமெச்சூர் ஆட்டக்காரர் சம்பளம் வாங்கக்கூடாது. பிழைப்புக்கு வேறு வேலை பார்க்க வேண்டும். கேலும் அப்படித்தான் ஆடினார். தொழில்முறைக் கழகங்கள் அழைத்தும் அவர் போகவில்லை. அப்படியிருந்தும் 1929 மே மாதத்தில் இங்கிலாந்து தேசிய அணி அவரைத் தேடி வந்தது. பாரிஸில் பிரான்ஸை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு கோல்கள் அவருடையவை. அடுத்து பெல்ஜியத்துடன் ஆடினார். பிறகு மட்ரிட்டில் ஸ்பெயினிடம் 3-4 என்று தோற்ற ஆட்டம். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே உள்ள ஓர் அணியிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதற்தடவை. மூன்று ஆட்டங்களோடு தேசிய அணி வாழ்க்கை முடிந்தது. அவர் மீண்டும் தன் கழகத்துக்கே ஆடினார்.

1974 இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவை இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் நீக்கியது. அதன்பின் இது போன்ற கழகங்கள் ஆட்டக்காரருக்குச் சிறு கொடுப்பனவு வழங்கும் பகுதிநேரத் தொழில்முறைக் கழகங்களாகின. கேல் 1976 இல் காலமானார்.

இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பின் நடந்ததால்தான். 2018 மார்ச்சில், காணியை வைத்திருந்த தரப்போடு ஏற்பட்ட பிணக்கில், கழகம் தன் சொந்த மைதானத்துக்குள் போக முடியாமல் வெளியே நின்றது. கழகத்தின் பெயரையே வேறொரு நிறுவனம் வணிகக் குறியாகப் பதிந்து, இனி அதைப் பாவிக்கக்கூடாது என்றது. ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பெயர் திரும்பக் கிடைத்தது. அயல் கழகம் ஒன்றின் மைதானத்தில் மாதக்கணக்கில் ஆடிவிட்டு, அந்த டிசம்பரில் வீடு திரும்பினார்கள். 1933 இல் ஓய்வுபெற்ற மனிதரின் பெயரை இன்றும் அந்த மைதானத்தில் பாட்டாகப் பாடுகிறார்கள்.

மைதானத்துக்கு வெளியே நிற்பது எப்படியென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் காணிக்காக ஒன்பது, பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். வீடு, பள்ளிக்கூடம், கோயில் என்று இழந்தவற்றைப் பட்டியலிட்டோம். பிள்ளைகள் பந்தடித்த வெளி அந்தப் பட்டியலில் அநேகமாக இடம்பெறவில்லை.

துறைமுகத்தை அண்டிய எங்கள் ஒழுங்கையிலும் ஒரு சிறு கழகம் இருந்தது. அப்பாதான் செயலாளர். கடற்படைத் தளத்தில் வேலை செய்த தாத்தா, ஆங்கிலேய மாலுமிகளோடு ஆடிப் பழகியவராம். 1957 இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் பந்து இங்கேயே நின்றுவிட்டது என்பார் அப்பா. 1990 இல் ஊரை விட்டு ஓடியபோது கழகத்தின் பதிவேடும் படங்களும் வீட்டோடு எரிந்தன. அணியின் நடுக்கள வீரர் கனடாவில் என்றும், கோல் காப்பாளரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை என்றும் அப்பா சொல்வார்.

கேலின் கோல்களை யாரோ ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் குறித்து வைத்ததால்தான் இன்று நான் அவற்றை எழுத முடிகிறது. எங்களிடம் எஞ்சியிருப்பது அப்பாவின் ஞாபகம் மட்டும்தான். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போன வாரம் ஒரு புதுக் கொப்பி வாங்கிக்கொடுத்தேன். முதற்பக்கத்தில் பதினொரு இலக்கங்களை எழுதி, கோல் காப்பாளரின் பெயரிலிருந்து தொடங்கினார். எட்டுப் பெயர்கள் வந்துவிட்டன. மிச்சம் மூன்று.