படிக்கும் நேரத்துக்கும் கூலி வாங்கித் தந்தவர்!

தொழிற்சாலையில் தொழில் பழகும் பையன் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டும். அங்கே படிக்கும் நேரத்துக்கும் முதலாளி கூலி தரவேண்டும்!

அமெரிக்காவின் விஸ்கான்சின் ராஜ்யத்தில் 1911-ம் ஆண்டு இப்படி ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் கவர்னர் அல்ல. சட்டசபை அங்கத்தினரும் அல்ல. ஒரு நூல்நிலைய அதிகாரி! அவர்தான் சார்லஸ் மெக்கார்த்தி.

ஏழை வீட்டுப் பிள்ளை

மெக்கார்த்தி 1873-ல் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில், செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த பிராக்டன் நகரில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பாடுபட்டுப் படித்து பிரவுன் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்திலும் பேர் வாங்கினார். 1901-ல் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு, தலைநகர் மாடிசனில் சட்டசபைக்கென ஒரு நூல்நிலையம் ஏற்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. எந்த நாட்டில் எந்தச் சட்டம் என்ன பலன் தந்தது என்று திரட்டி வைத்தார். மசோதா எழுதத் தெரியாமல் தவித்த அங்கத்தினர்களுக்கு எழுதவும் உதவினார்.

ஜெர்மனியில் கண்டது

அந்நாளில் தொழில் பழகும் முறை சீரழிந்து கிடந்தது. பல முதலாளிகள் பையன்களைக் குறைந்த கூலிக்கு ஒரே இயந்திரத்தில் கட்டிப்போட்டார்கள். வருடங்கள் ஓடும், முழுத் தொழில் கைக்கு வராது. வேலையை விட்டுப் படிக்கப் போனாலோ வீட்டில் அடுப்பு எரியாது!

இதை ஆராய 1909-ல் சட்டசபை ஒரு குழு அமைத்தது. மெக்கார்த்தி ஜெர்மனிக்குப் போய் வந்தார். அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் வாரத்தில் சில மணி நேரம் பள்ளியிலும் படித்தார்கள். இதைப் பார்த்து வந்த அவரது யோசனைகள் 1911-ல் சட்டமாயின.

பையனை வேலைக்கு வைத்தால் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். என்னென்ன வேலை கற்றுத் தரப்படும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம், கூலி எவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். வாரம் 5 மணி நேரமாவது படிப்பு. அதற்கும் வேலை நேரக் கூலியே! பள்ளிகளை நடத்தும் உள்ளூர்க் குழுக்களில் முதலாளிகளோடு தொழிலாளர்களுக்கும் இடம் தரப்பட்டது.

பகைவரும் பணிந்தார்

எதிர்ப்புக்குக் குறைவில்லை. நூல்நிலையத்தையே ஒழிப்பேன் என்று பிரசாரம் செய்த இமானுவேல் பிலிப் 1915-ல் கவர்னர் ஆனார். மெக்கார்த்தியின் வேலையை நேரில் பார்த்ததும் மனம் மாறினார். நூல்நிலையம் பிழைத்தது.

ஓயாத உழைப்பு உடலை உருக்கியது. 1921-ல் அரிசோனாவில் மெக்கார்த்தி காலமானார். வயது 47தான்.

தொழில் பழகுவோருக்காக அமெரிக்கா முழுவதற்குமான சட்டம் வந்தது 1937-ல். அதற்கு 26 வருடம் முன்பே ஒரு ராஜ்யம் வழி காட்டிவிட்டது. கூலியா, படிப்பா என்று ஏழைப் பையன் திகைக்க வேண்டியதில்லை. இரண்டும் அவனுக்கு உண்டு என்று சட்டத்தில் எழுத வைத்தவர் மெக்கார்த்தி!